லோரி எழுத்து

மூன்றாவது அட்டையையும் குகன் வேண்டாம் என்றான்.

“இதுவும் சரி வராது துளசி. இன்னும் அகலமா போடு. தடியா போடு.”

துளசி கடை வாசலில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சாலைக்கு எதிர்ப்பக்கம், மோட்டார்சைக்கிள் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெலுத்தோங் பாசாருக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் மத்தியான வெயில் அடுப்பு மாதிரி இறங்கியது. அவளுக்குக் கை வலித்தது. பல வருஷமாக அவள் கமாலுதீனின் பேனர் கடையில் வேலை செய்கிறாள். கணினியில் எழுத்தை அடுக்குவது, வெட்டும் மெஷினில் ஸ்டிக்கரைக் கொடுப்பது, வெட்டிய எழுத்தைச் சுற்றியிருக்கும் மிச்சத்தை ஊசியால் கிளப்பி உரிப்பது, பேனர் ஓரத்தில் கயிறு கட்ட வளையம் அடிப்பது எல்லாம் அவள் கைதான். சொந்தப் புருஷனே வாடிக்கையாளராக வந்து இப்படி வாட்டியது அன்றுதான்.

குகன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் சுங்கை பினாங் அடுக்குமாடி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இறக்குவான். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான். நடுப்பகல் ஓய்வில் வந்தவன், பஸ்ஸின் முன்கண்ணாடியில் வைக்க ஒரு போர்டு வேண்டும் என்று நின்றான்.

“ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே. அதுக்கு என்ன?” என்று துளசி கேட்டாள்.

“ஆளுங்களுக்குத் தெரியல. இருட்டுல எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி நிக்குது. மாறி ஏறிடுறாங்க.”

“இத்தன வருஷமா மாறி ஏறல?”

“புதுசா நேப்பாள்காரங்க சேந்திருக்காங்க லா. கேள்வி கேக்காம செஞ்சி குடேன்.”

உள்ளே மின்விசிறிக்குக் கீழே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கமாலுதீன் தலையைத் தூக்கினார். “லோரி எழுத்துல போட்டுக் குடுத்துரு தங்கச்சி. அதுக்கு மேல அகலம் வேணும்னா எழுத்தப் படுக்க வைக்கணும்.”

கணினியில் அந்த எழுத்துக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. முனையில் வாலோ கொண்டையோ இல்லாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக, லோரி மாதிரி பக்கத்து இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிற எழுத்து. மலிவு விற்பனைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். டயர் கடை, கார் கழுவும் கடை, வீடு விற்பனைக்கு, உள்ளே நாய் இருக்கிறது, எல்லாம் அதில்தான் போகும். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும் வேண்டாம் என்பார்கள். ஒரு முறை கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் பேனருக்குத் தமிழிலும் அதே மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். துளசி தமிழெழுத்தை அந்த அளவுக்குத் தடிக்க வைத்துப் பார்த்தபோது ணகரமும் ழகரமும் சுழி அடைத்துக்கொண்டு கரிக்கட்டி ஆயின. “மலாய் எழுத்துக்குத்தான் இந்த உடம்பு தாங்கும்” என்று கமாலுதீன் சொல்லிவிட்டார்.

சுங்கை பினாங் என்பதை இரண்டு வரியாக உடைத்து, மஞ்சள் அட்டையில் கறுப்பு லோரி எழுத்தாக ஒட்டி, துளசி மறுபடியும் வாசலுக்கு வந்தாள். கண்ணாடியில் வைத்தால் ஒரு பக்கத்தையே மறைத்துவிடும் போலிருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து குகன் உடனே கையைத் தூக்கினான். “ஆங், இது. இது நல்லா தெரியுது.”

அவன் முகம் அப்படித் தெளிந்ததை அவள் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஸுல்கிஃப்லி என்கிற டுரியான் வியாபாரிக்குப் பேனர் கட்டிக்கொடுக்கும் வேலை. கமாலுதீனின் முழங்கால் ஏணி ஏற விடவில்லை. துளசிக்கு மோட்டார்சைக்கிள் மட்டும்தான் ஓட்ட வரும். குகன் தங்கள் பழைய காரை எடுத்தான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள் ரூபினி பரீட்சை இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மலை ஏறி இறங்கியதும் காற்று மாறியது. டுரியான் பருவம். சாலையோரக் கொட்டகைகளில் பழத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்திருந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் மண் ஊறி, பழவாசனையும் இலை அழுகும் வாசனையும் சேர்ந்து அடித்தன. துளசி ஏணியில் ஏறி ஒரு பக்கம் கட்ட, ஸுல்கிஃப்லி மறுபக்கத்தை இழுத்துக் கட்டினார். சிவப்புப் பேனரில் மஞ்சள் லோரி எழுத்து, நாட்டு டுரியான் என்று மலாயில். கீழே ஸுல்கிஃப்லியின் போன் நம்பர், முழங்கை நீளத்துக்குச் சாதாரண எழுத்தில்.

“ரோட்டுல இருந்து தெரியுதான்னு பாத்து சொல்லுங்க” என்று துளசி கத்தினாள்.

குகன் சாலையைக் கடந்து நின்றான். “டுரியான் காம்போங். சூப்பரா தெரியுது. எம்மாந் தூரத்துல இருந்து தெரியுது பாரு.” பிறகு கேட்டான்: “போன் நம்பர் போடலியா? கேக்க மறந்துட்டாரா?”

ஏணியின் மேலிருந்து துளசி அவனைப் பார்த்தாள். அவன் நம்பர் இருந்த இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். விளையாடுகிறான் என்று நினைத்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸுல்கிஃப்லி பிளந்து கொடுத்த பழத்தைத் தின்றார்கள். இனிப்பு நீர் வியாதிக்காரர் அதிகம் தின்னக்கூடாது என்று அவள் அதட்ட, ஒரு சுளையோடு கையைக் கழுவிக்கொண்டான்.

திரும்பும்போது மலைச்சாலையின் வளைவொன்றில் மண் சரிந்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம்தான் வழி. ஒல்லி எழுத்தில் ஒரு பலகை வைத்து, ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குகன் வேகத்தைக் குறைக்கவில்லை.

“ஏங்க, வழி இல்ல. ஏங்க.”

கார் கூம்புகளை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்துக்கு முன்னால் நின்றது. ஒரு கூம்பு காருக்கடியில் மாட்டிக்கொண்டு கரகரத்தது. ஞாயிறு ஆனதால் வேலையாட்கள் யாரும் இல்லை. குகன் இறங்கி, குனிந்து, அதை இழுத்தெடுத்தான். “வளைவுல வெச்சா எப்பிடி லா தெரியும்” என்றான்.

துளசி பலகையைப் பார்த்தாள். வளைவுக்கு வெகுமுன்னாலேயே இன்னொரு பலகையும் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மிச்ச வழி முழுக்க அவள் அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால மோட்டார். இடது பக்கம் வளைவு. லாம்பு சிவப்பு. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அடுக்குமாடியின் நடைபாதையில் காயப்போட்ட துணிகளை வாரி எடுத்து வந்து, துளசி தோசைக்கல்லை வைத்தாள். தொட்டுக்கொள்ளச் சார்டின் மீன் சம்பல் காலையிலேயே செய்தது. ரூபினி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குகன் தோசையைப் பிய்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“எவ்ளோ நாளா?” என்றாள் துளசி.

“எது?”

“கண்ணு.”

அவன் பிய்த்த துண்டைச் சம்பலில் தோய்த்தான். “கொஞ்ச நாளாத்தான்.”

“கொஞ்ச நாளுன்னா?”

“போன தீவாளிக்கு முன்னாடி இருந்து. நடுவுல ஒரு அழுக்கு மாதிரி. தொடச்சா போவாது. ஓரத்துல எல்லாம் தெரியும். வெளிச்சத்துல நல்லாத்தான் இருக்கு.”

“அன்னிக்கு லிஃப்டு பக்கத்துல ரூபினி எதுக்க வந்தா, நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போனீங்களே. ஏதோ யோசனைன்னு சிரிச்சோம்.”

அவன் இன்னொரு துண்டைப் பிய்த்தான்.

“கிளினிக்குல சொன்னீங்களா?”

“சொன்னேன். இனிப்பு நீரு கண்ணுக்கு வந்துருச்சின்னு சந்தேகப்படுறாங்க. ஆஸ்பத்திரில கண்ணு டாக்டரப் பாக்க எழுதிக் குடுத்தாங்க.”

“போனீங்களா?”

“போகல.”

“ஏன்?”

“போனா கண்ணு சரியில்லன்னு சொல்லிருவாங்க துளசி. சொல்லிட்டா பஸ்ஸு போயிரும். பஸ்ஸு போயிருச்சின்னா நான் என்னா பண்றது? காவலாளி வேலைக்குப் போனாலும் கண்ணு கேப்பான்.” குரல் உயரவே இல்லை. களைத்துப்போன ஆள் கணக்கை ஒப்பிப்பது போலச் சொன்னான். “லைசன்ஸ் முடியிற வரைக்கும் ஓட்டுறேன். அதுக்குள்ள ரூபினி படிப்பு முடிஞ்சிரும். அந்த ரோடு எனக்கு மனப்பாடம். எங்க குழி இருக்கு, எங்க சாக்கடை மூடி தூக்கிக்கிட்டு நிக்குது, எல்லாம் தெரியும்.”

“குழி இருந்த எடத்துலயே இருக்கும். ஆளுங்க அப்பிடியா இருப்பாங்க?”

தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது. அவள் அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

“வள்ளியம்மாக்கா தினம் முன்சீட்டுல உக்காந்து வருது” என்றாள். அடுத்த வீட்டு வள்ளியம்மா புருஷனை இழந்தவள். ரூபினி கைக்குழந்தையாக இருந்தபோது துளசி வேலைக்குப் போகப் பிள்ளையை வைத்துக்கொண்டவள் அவள்தான்.

“எனக்குத் தெரியாதா?” என்றான் குகன். “தெரிஞ்சிதான் மெதுவா ஓட்டுறேன். இந்த ஒரு வாரம் விடு. வாரக் கடைசில நானே ஹஸ்ருல்கிட்ட சொல்லிர்றேன்.”

ஹஸ்ருல் பஸ் கம்பெனியின் மேற்பார்வையாளர். வேண்டாம், நாளையிலிருந்தே போகாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கும் அந்த ஒரு வாரம் தேவைப்பட்டது. மாதக் கடைசி, மகளின் பரீட்சை, தானே இன்னும் பழகாத ஒரு செய்தி. அலுத்துப்போன உடம்பு தள்ளிப்போடுவதைத்தான் முதலில் கேட்கிறது.

“நாளைக்கு நானும் பஸ்ஸுல வரேன்” என்றாள் கடைசியில்.

விடிகாலையில் தூறல் விட்டிருக்கவில்லை. ஆற்றோரத்துக் காலி மனையில் பஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு. குகன் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தான். தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் வரிசையைத் தடவிக்கொண்டு போனவன், மஞ்சள் போர்டு தெரிந்ததும் நிமிர்ந்து நேராக அந்தப் பஸ்ஸை நோக்கிப் போனான். துளசி பின்னாலேயே நின்றுவிட்டாள். நேப்பாள்காரர்கள் யாருக்கும் அந்தப் போர்டு தேவைப்படவில்லை. கை வலிக்க வலிக்க அவள் தூக்கிப் பிடித்தது அவனுக்காகத்தான்.

அடுக்குமாடிக்குக் கீழே ஆட்கள் ஏறினார்கள். டப்பாவில் சோறு, தூக்கம் கலையாத முகம், ஈரக் குடை. வள்ளியம்மா வழக்கமான முன்சீட்டில் உட்கார்ந்து, துளசியைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

“என்னாடி, பஸ்ஸுல?”

“பாயான் லெப்பாஸ்ல ஒரு வேலை இருக்குக்கா.”

வள்ளியம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. கண்ணாடித் துடைப்பான் கீச்சிட்டது. முன்னால் போகும் வண்டிகளின் பின்விளக்கை வைத்துத்தான் குகன் ஓட்டுகிறான் என்பது கொஞ்ச நேரத்தில் துளசிக்குப் புரிந்துவிட்டது. அவை நின்றால் நின்றான். அவை போனால் போனான். முன்னால் வண்டி இல்லாத இடத்தில் வள்ளியம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: “என்னா இந்த லாம்பு எப்பவும் சிவப்பாவே இருக்கு.” பஸ் நின்றது. சற்றுத் தள்ளி, “இவன் ஒருத்தன், லோரிய ரோட்டுலயே நிறுத்தியிருக்கான் பாரு” என்றாள். பஸ் ஒதுங்கியது. துளசி சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள்.

பெரிய சாலையில் சேரும் முன்னால் ஒரு திருப்பம். தெருவிளக்கு எரியவில்லை. கறுப்பு மழைச்சட்டை போட்ட ஒரு பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அந்த நேரம் வள்ளியம்மா தும்மிக்கொண்டிருந்தாள்.

“பிரேக்கு. பிரேக்கு போடுங்க.”

துளசியின் கத்தலில் பஸ் முழுக்க முன்னால் சாய்ந்தது. சோற்று டப்பாக்கள் உருண்டன. வள்ளியம்மாவின் முழங்கால் முன்கம்பியில் இடித்தது. அந்தப் பெண் முன்விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கையைப் பஸ்ஸின் மூக்கில் ஊன்றியபடி நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்து நடந்து போனாள்.

பின்னாலிருந்து ஒருவன் மலாயில் திட்டினான். யாரோ தமிழில், “என்னாண்ணே ஆச்சி?” என்று கேட்டார்கள்.

“நாயி” என்றான் குகன். திரும்பாமலே சொன்னான். “நாயி ஒண்ணு குறுக்க வந்துருச்சி.”

ஆட்கள் உருண்ட டப்பாக்களைப் பொறுக்கினார்கள். அவன் கியர் கம்பியைப் பிடித்தான். வண்டியை எடுத்துவிடுவான். இன்னும் கொஞ்ச தூரம்தான், கொண்டுபோய் இறக்கிவிடுவான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. துளசி எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நாயி இல்ல” என்றாள். “பொம்பள. அவருக்குக் கண்ணு தெரியல. வண்டிய எடுக்காதீங்க.”

நேப்பாள்காரன் ஒருவன் பக்கத்து ஆளிடம் என்ன என்று கேட்பது மட்டும் கேட்டது. குகன் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு அபாய விளக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்து, சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டான்.

“குகா” என்றாள் வள்ளியம்மா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. “எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். அதான் தினம் வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தேன். வேலை போயிருமேன்னு சொல்லல. சொல்லியிருக்கணும்.”

“விடுங்கக்கா” என்றான் அவன்.

ஹஸ்ருலுக்கு அவனேதான் போன் செய்தான். மாற்று பஸ் வரும்வரை ஆட்கள் இறங்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றார்கள். தாமதமானால் முழுவருகைக்குக் கொடுக்கிற பணம் போய்விடும் என்று முணுமுணுத்தார்கள். யாரும் குகன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருந்த ஒருத்தி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குகனுக்கு அது தெரிந்திருக்காது. துளசிக்குத் தெரிந்தது.

ஹஸ்ருல் மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தான். ரூபினியைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். கத்துவான் என்று துளசி எதிர்பார்த்தாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்து, யாருக்கும் அடியில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கையை நீட்டினான். குகன் சாவியைக் கொடுத்தான்.

“பாக் குகன், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றான் ஹஸ்ருல் மலாயில், பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு. “ஆபீசுக்கு நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுது” என்றான் குகன்.

மாற்று பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. வள்ளியம்மா இடித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறிப் போனாள்.

இருவரும் பெரிய சாலைக்கு நடந்து, பொதுப் பஸ் நிற்கும் கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள். விடிந்திருந்தது. தூறல் மழையாகக் கனத்தது. சாலை முழுக்கக் காலைநேரத்து வண்டிகள்.

“ஆளுங்க முன்னாடி சொல்லிட்ட” என்றான் குகன்.

“ஆமா.”

“வீட்டுல வெச்சி சொல்லியிருக்கலாம்.”

“நேத்து வீட்டுல வெச்சிதான சொன்னேன்.”

அவன் சட்டைக் கையில் வழிந்த மழைநீரைப் பிழிந்தான். “ரூபினிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றான்.

“சொல்லுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

துளசி கமாலுதீனுக்குப் போன் செய்து இன்றைக்கு வர முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் பாய் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட்டுட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் வந்தது. நெற்றியில் புள்ளி புள்ளியாக எரியும் மெல்லிய எழுத்தில் ஊர்ப்பெயர் ஓடியது. குகன் அதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் மாதிரி. துளசி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. மலையிலிருந்து வீடு வரைக்கும் சொல்லியாயிற்று, பஸ்ஸில் எழுந்து நின்று சொல்லியாயிற்று. இதையும் அவளேதான் சொல்ல வேண்டுமா? கதவு திறந்து, யாரோ ஒரு கிழவர் இறங்கி, கதவு மூடியது. பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போய்விட்டது.

மழை கூரையின் தகரத்தில் பேசவிடாமல் அடித்தது. குகன் சட்டைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்தால் போகாது என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண் பள்ளிப்பிள்ளையோடு வந்து நின்றாள்.

மறுபடியும் தூரத்தில் உயரமாக ஒன்று மழைக்குள்ளிருந்து வந்தது. குகன் எழுந்தான். கூரையின் விளிம்புவரை போய், நனைந்துகொண்டே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“துளசி, அது என்னா பஸ்ஸு?”

“ஆஸ்பத்திரி பஸ்ஸுதான்” என்று துளசி எழுந்தாள். “கைய நீட்டுங்க, நிறுத்துவான்.”

அவன் கையை நீட்டினான்.